யாருடைய பணம்? கேசினோவும் நாட்டின் வருமானமும்



ஒரு நாடு தன் பொருளாதாரத்தை உயர்த்திக்கொள்ளக் கேசினோ எனப்படும் சூதாட்ட விடுதிகளுக்குச் சட்ட அனுமதி தரலாமா என்பதே இன்றைய பேச்சின் பொருள். பறவைகளுக்குப் பேர்போன வேடந்தாங்கலில் இந்தப் பேச்சு எதற்கு என்று சிலருக்குத் தோன்றலாம். நம் செங்கல்பட்டு மாவட்டத்தின் கிழக்கு எல்லை முழுவதும் கடல். கோவளம் தொடங்கி மாமல்லபுரம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையின் இருபுறமும் விடுதிகள் நிறைந்திருக்கின்றன. சுற்றுலாவை வளர்க்க வேண்டும் என்ற பேச்சு வரும்போதெல்லாம், கோவாவைப் பாருங்கள், கொழும்பைப் பாருங்கள், சிங்கப்பூரைப் பாருங்கள் என்ற குரலும் கூடவே எழுகிறது. 2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டிலியா என்ற சொகுசுக் கப்பல் புறப்பட்டபோது, அதற்குள் இருந்த கேசினோவைக் காட்டிப் புதுச்சேரியில் கடும் எதிர்ப்பு கிளம்பியது. முதல் பயணத்தில் அங்கே பயணிகளை இறக்க அனுமதி கிடைக்கவில்லை. ஆக, இது நம் கரையைத் தொட்டுவிட்ட பிரச்சினை. அரசமைப்புச் சட்டத்தின் 7-ஆம் அட்டவணையில் பந்தயமும் சூதாட்டமும் மாநிலப் பட்டியலில், 34-ஆவது இனமாக இருக்கின்றன. அனுமதிப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் பொறுப்பில் பெரும்பங்கு நம் சட்டமன்றத்துக்கு உரியது. அதனால் அதைப் பற்றித் தெளிவாக யோசிக்க வேண்டிய கடமை வாக்காளர்களாகிய நமக்கும் உண்டு.

சூதாடுவது பாவமா என்ற கேள்விக்குள் நான் போகப்போவதில்லை. வள்ளுவர் சூது என்னும் அதிகாரத்தை அறத்துப்பாலில் வைக்கவில்லை. பொருட்பாலில், கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் நடுவில், 94-ஆவது அதிகாரமாக வைத்தார். அரசும் பொருளும் பேசப்படும் இடத்தில் பேச வேண்டியது இது என்று அவர் கருதியதாகவே நான் கொள்கிறேன். அந்த வழியில், வரவுசெலவுக் கணக்காகவே இதைப் பார்ப்போம். என் வாதம் ஒன்றுதான். சூதாட்ட மேசையில் தோற்கப்படும் பணம் நாட்டுக்கு வெளியிலிருந்து வந்தால் மட்டுமே அதை நாட்டின் வருமானம் என்று சொல்ல முடியும். உள்நாட்டார் தோற்கும் பணம் ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குப் போகிறது, அவ்வளவே. இந்தியாவில் கேசினோ திறந்தால் தோற்கப்போவது பெரும்பாலும் இந்தியர்தான். ஆகவே பொருளாதார வளர்ச்சி என்ற காரணத்தைச் சொல்லி அதற்கு அனுமதி கேட்பது செல்லாது.

முதலில் அந்த மேசையை அருகில் போய்ப் பார்த்துவிடுவோம். ரூலெட் என்ற சுழல்சக்கரத்தில், ஐரோப்பிய முறைப்படி, 0 முதல் 36 வரை 37 எண்கள் உண்டு. நாம் பணம் கட்டிய எண்ணில் குண்டு விழுந்தால், கட்டிய தொகைக்கு 35 மடங்கு பரிசும் கட்டிய தொகையும் கையில் வரும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஒருவர் எந்த எண்ணையும் விடாமல் 37 எண்களிலும் எண்ணுக்கு 100 ரூபாய் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மேசையில் அவர் வைத்தது 3,700 ரூபாய். ஏதாவது ஓர் எண் விழுந்தே தீரும். அவர் நிச்சயம் வெல்வார். வென்ற கையில் வருவது 3,600 ரூபாய். குறைந்த 100 ரூபாய் விடுதிக்காரருடையது. நூற்றுக்கு 2.7 ரூபாய் என்ற இந்தப் பங்கு ஒவ்வொரு சுற்றிலும் மேசையில் விழும் பணம் முழுவதிலிருந்தும் சராசரியாகக் கழிந்துகொண்டே இருக்கும். அமெரிக்க முறையில் இன்னொரு பூச்சியம் சேர்ந்து எண்கள் 38 ஆகும்போது அதே பங்கு 5 ரூபாயைத் தாண்டிவிடுகிறது. வென்ற பணத்தை யாரும் உடனே எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவதில்லை. அதே பணம் திரும்பத் திரும்ப மேசைக்கு வருகிறது, வரும் தடவையெல்லாம் இந்தப் பங்கு கழிகிறது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை, சக்கரம் ஒழுங்காகத்தான் சுற்றுகிறது. ஆட்டத்தின் கணக்கே அப்படி அமைந்திருக்கிறது. பலர் பல முறை ஆடிய பிறகு, ஆடியவர்கள் எல்லாரையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால் அவர்கள் தோற்றே இருப்பார்கள்.

இனி அந்த 100 ரூபாய் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். ஒரே வீட்டில் அண்ணனும் தம்பியும் காசு வைத்துச் சீட்டாடினால், யார் வென்றாலும் வீட்டின் சொத்து ஒரு பைசாகூடக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து தோற்றால்தான் கூடும். நாட்டுக்கும் அதே கணக்குத்தான். கேசினோவால் செழித்த இடங்களாகச் சொல்லப்படுபவற்றை இந்தக் கண்ணோடு பாருங்கள். சீனாவின் மக்காவ் நகரத்தின் மக்கள்தொகை 7 லட்சத்துக்கும் குறைவு. 2019-இல் அங்கு வந்தவர்கள் 3 கோடியே 90 லட்சத்துக்கும் மேல். உள்ளூர்க்காரர் ஒருவருக்கு ஐம்பதுக்கு மேற்பட்ட வெளியூர்க்காரர்கள். சிங்கப்பூரின் மக்கள்தொகை சுமார் 60 லட்சம். 2024-இல் வந்த பயணிகள் சுமார் 1 கோடியே 65 லட்சம். இந்தியாவுக்கு ஆண்டுதோறும் வரும் வெளிநாட்டுப் பயணிகள் ஏறத்தாழ 1 கோடி; நம் மக்கள்தொகை 140 கோடிக்கு மேல். பயணி ஒருவருக்கு இந்தியர் 140 பேர். வந்தவர்களிலும் பலர் உறவினரைப் பார்க்கவும், மருத்துவத்துக்காகவும், கோயில்களையும் நினைவுச்சின்னங்களையும் காணவும் வருகிறவர்கள். மக்காவையும் சிங்கப்பூரையும் காட்டி இந்தியாவுக்கு வழி சொல்பவர்கள் இந்த விகிதத்தை எடுத்துச் சொல்வதில்லை. அந்த ஊர்கள் அயலார் தோற்ற பணத்தில் வாழ முடியும். நம் அளவுள்ள நாட்டில் ஒரு கேசினோ தன் மேசைகளை நிரப்ப வேண்டுமானால் நம்மவர்களைத்தான் அழைத்து உட்கார வைக்க வேண்டும்.

இது ஊகம் என்று யாராவது நினைத்தால் கோவா இருக்கிறது. 1976-இல் இயற்றப்பட்ட கோவாவின் சூதாட்டச் சட்டம் 1992-இல் திருத்தப்பட்டு நட்சத்திர விடுதிகளில் ஸ்லாட் இயந்திரங்களுக்கு இடம் தந்தது. 1996-இல் வந்த திருத்தம் கப்பல்களில் மேசை ஆட்டங்களுக்கு வழிவிட்டது. பணஜி நகரின் எதிரே மாண்டவி ஆற்றில் நிற்கும் கப்பல்களை அங்கிருந்து அகற்றுவோம் என்று ஆட்சிக்கு வந்தவர்கள் வாக்குக் கொடுப்பதும், பிறகு தவணை நீட்டிப்பதுமாகவே ஆண்டுகள் கழிந்திருக்கின்றன. 2020 பிப்ரவரி முதல் கோவா மக்கள் அந்த மேசைகளில் ஆடக்கூடாது என்று அந்த மாநில அரசே தடை கொண்டுவந்தது. சிக்கிமிலும் உள்ளூர் மக்களுக்குக் கதவு அடைக்கப்பட்டது. 1968-இலேயே கேசினோ கண்ட நேபாளம் தன் குடிமக்களை உள்ளே விடுவதில்லை. தம் மக்களைக் காக்க வேண்டும் என்று இந்த அரசுகள் உணர்ந்ததை நான் பாராட்டுகிறேன். ஆனால் அதன் பொருள் என்ன? கோவாவின் மேசைகளில் தோற்பவர்கள் கர்நாடகத்திலும் மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் தமிழ்நாட்டிலும் குடும்பம் உள்ளவர்கள். கோவாவின் கணக்கில் அது வரவு. இந்தியாவின் கணக்கில் ஒரு மாநிலத்துக் குடும்பத்தின் சேமிப்பு இன்னொரு மாநிலத்து உரிமதாரரின் லாபமாக மாறியிருக்கிறது. நாளை நாமும் ஒன்று திறந்தால் ஆந்திரமும் கேரளமும் சும்மா இருக்குமா? எல்லா மாநிலங்களும் ஒன்றின் மக்களை ஒன்று தோற்கடித்து வரி வாங்கும் நிலை வரும். நாட்டின் உற்பத்தியில் ஒரு மூட்டை நெல்கூடக் கூடியிருக்காது.

அண்டை ஊர் திறந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டி சாட்சி. நியூஜெர்சி மாநிலம் 1976-இல் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி, நலிந்துகிடந்த அந்தக் கடற்கரை நகரத்துக்கு மட்டும் கேசினோ அனுமதி தந்தது. 1978-இல் முதல் விடுதி திறந்தது. பல ஆண்டுகள் கூட்டம் அலைமோதியது. பக்கத்திலுள்ள பென்சில்வேனியா தானும் கேசினோ திறந்ததும் கூட்டம் பிரிந்தது. 2014 என்ற ஒரே ஆண்டில் அங்கிருந்த 12 கேசினோக்களில் 4 மூடப்பட்டன. 2016-இல் நகரத்தின் நிதி நிர்வாகத்தை மாநில அரசே கையில் எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. ஒரே தொழிலை நம்பிய மக்காவில், 2020-இல் பெருந்தொற்றுக் காலத்தில் சூதாட்ட வருவாய் முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ 80 சதவீதம் சரிந்தது. வருவாய்க்கு இந்தத் தொழிலைச் சார்ந்துவிட்ட அரசுக்கு, அது சரியும்போது பிடித்துக்கொள்ள வேறு கொம்பு இருப்பதில்லை.

நம் தமிழ்நாட்டுக்கே இதில் சொந்தப் பாடம் உண்டு. 1968-இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது அரசின் பரிசுச் சீட்டுத் திட்டம் தொடங்கியது. விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்பது அன்றைய முழக்கம். நல்ல நோக்கத்தோடு சொன்னதுதான். நலத்திட்டங்களுக்குப் பணம் தேவைப்பட்ட அரசு அது. ஆனால் அந்த முழக்கத்தில் பதில் சொல்லப்படாத ஒன்று இருந்தது: யார் வீட்டிலிருந்து எடுத்து நாட்டுக்குத் தருகிறோம்? பேருந்து நிலையத்துப் பெட்டிக்கடையில் கயிற்றில் கட்டித் தொங்கிய சீட்டுகளை வாங்கியவர்களில் பெரும்பாலோர் அன்றாடம் கூலிக்குப் போனவர்கள். மாலைப் பத்திரிகையில் முடிவைப் பார்த்துச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுநாளும் வாங்கியவர்கள். வசதியுள்ளவரிடம் வருமான வரியாக வாங்க வேண்டியதை, வசதியில்லாதவரிடம் ஆசை காட்டி வாங்கியதாகவே அது முடிந்தது. 1975-இல் கலைஞர் ஆட்சி அதை நிறுத்தியது. எம்.ஜி.ஆர். ஆட்சியில் மீண்டும் வந்தது. பிறகு சுரண்டல் லாட்டரி, ஒரு நம்பர் லாட்டரி என்று வடிவங்கள் பெருகி, குடும்பங்கள் சீரழிந்த நிலையில், 2003 ஜனவரியில் ஜெயலலிதா ஆட்சி லாட்டரி முழுவதையும் தடை செய்தது. எதிரெதிர் அணியில் நின்ற தலைவர்கள் வெவ்வேறு காலத்தில் ஒரே முடிவுக்கு வந்தார்கள். வருமானம் தேவையில்லை என்று அவர்கள் நினைத்திருக்க முடியாது. அந்த வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்ணால் பார்த்த பிறகே முடிவெடுத்தார்கள்.

இனி, மறுப்புரைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம். அவற்றுள் வலுவானது சிங்கப்பூர். ஒழுங்காகக் கட்டுப்படுத்தினால் தீங்கில்லாமல் நடத்தலாமே என்பது அந்த வாதம். சிங்கப்பூர் 2005-இல் முடிவெடுத்து, 2006-இல் சட்டம் இயற்றி, 2010-இல் இரண்டு விடுதிகளை மட்டும் திறந்தது. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உள்ளே நுழைய ஒரு நாளைக்கு 100 வெள்ளி கட்டணம். 2019-இல் அது 150 வெள்ளியானது. நம் பணத்தில் ஏறக்குறைய 10,000 ரூபாய். நொடித்துப்போனவர்களும் அரசின் உதவித்தொகையில் வாழ்பவர்களும் சட்டப்படியே விலக்கப்படுகிறார்கள். மனைவியோ பெற்றோரோ விண்ணப்பித்து, குடும்பத்தில் ஒருவரை உள்ளே விடாமல் தடுக்கவும் வழி இருக்கிறது. அந்த நாட்டின் நிர்வாகத் திறனை நான் மதிக்கிறேன். அதே சமயம் அந்த ஏற்பாடுகள் எதை ஒப்புக்கொள்கின்றன என்று பாருங்கள். ஒரு பள்ளிக்கோ நூலகத்துக்கோ பூங்காவுக்கோ தன் மக்கள் வராமலிருக்க எந்த அரசும் கட்டணம் விதிப்பதில்லை. சொந்த மக்கள் எவ்வளவு குறைவாக வருகிறார்களோ அவ்வளவு நல்லது என்பதே சிங்கப்பூர் முறையின் அடித்தளம். பயணிகள் பெருகிய சிறு நாட்டுக்கு அது முடியும். 140-க்கு 1 என்ற விகிதத்தில் நிற்கும் நாம் அதே வேலியைப் போட்டால் விடுதிக்கு ஆள் வராது, வேலியைத் தளர்த்தினால் பாதுகாப்பு இருக்காது.

அடுத்தது, நம் பணம் கோவாவுக்கும் கொழும்புக்கும் போகிறதே, அதை இங்கேயே வைத்துக்கொள்ளலாமே என்ற வாதம். 2025 ஆகஸ்டில் கொழும்பில் பெரும் முதலீட்டில் ஒரு புதிய கேசினோ திறக்கப்பட்டிருக்கிறது. இந்தியர்களை எதிர்பார்த்தே அது கட்டப்பட்டது என்பதில் ஒளிவுமறைவு இல்லை. விமானம் ஏறிப் போய் ஆடுகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் அவர்கள் தொகை சிறிது, பெரும்பாலும் வசதியுள்ளவர்கள். தொலைவும் செலவுமே மற்றவர்களுக்கு வேலியாக நிற்கின்றன. மாமல்லபுரத்தில் ஒன்று திறந்தால் அந்த வேலி ஒரு பேருந்துச் சீட்டின் விலைக்கு இறங்கிவிடும். மறைமலை நகரிலும் ஒரகடத்திலும் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் இளைஞர்கள், பழைய மாமல்லபுரம் சாலையின் கணினி நிறுவனங்களில் இருப்பவர்கள், சம்பளம் வந்த சனிக்கிழமை மாலை ஒன்றரை மணி நேரத்தில் அங்கே போய்ச் சேர்ந்துவிடலாம். தென்கொரியா 2000-இல், சுரங்கங்கள் மூடப்பட்டு வாழ்விழந்த மலைப்பகுதியில், தன் குடிமக்கள் ஆடக்கூடிய ஒரே கேசினோவைத் திறந்தது. சுற்றுப்புறம் செழிக்கும் என்ற நம்பிக்கையில் திறந்த அந்த இடத்தைச் சுற்றி முளைத்தவை அடகுக்கடைகள். ஒருவர் மாதத்தில் இத்தனை நாள்தான் உள்ளே வரலாம் என்று வரம்பு விதிக்க வேண்டிய நிலை வந்தது. போகும் பணத்தைத் தடுக்கப்போய், இதுவரை போகாத பணத்தையும் போகவைத்ததாக அது முடியும்.

தடை செய்தால் மறைவில் நடக்கிறதே என்பது மூன்றாவது மறுப்பு. உண்மைதான். தடைக்குப் பிறகும் மூன்று நம்பர் லாட்டரி கள்ளத்தனமாக விற்கிறது. பூட்டிய அறைகளில் சீட்டாட்டம் நடக்கிறது. அதற்கு வேண்டியது காவல்துறையின் உறுதி. சட்ட அனுமதியோடு ஒளிவிளக்கும் விளம்பரமும் வங்கிக்கடனும் வரும். நேற்றுவரை தயங்கி நின்றவர்களும் இன்று நுழைவார்கள். மறைவில் ஆடுகிறவர்கள் மறைவிலேயே இருப்பார்கள், வெளிச்சத்தில் ஆடப் புதிதாக ஒரு கூட்டம் உருவாகும். இணைய ரம்மியில் இதைப் பார்த்துவிட்டோம். கைப்பேசிக்குள் வந்த ஆட்டம் கடன்செயலிகளோடு கைகோத்து எத்தனை வீடுகளில் தற்கொலை வரை கொண்டுபோனது! 2022-இல் இணைய ரம்மியை ஆராய்ந்த நீதிபதி கே. சந்துரு குழு அறிக்கை தந்தது. சட்டமன்றம் தடை மசோதா நிறைவேற்றி, ஆளுநர் திருப்பி அனுப்பியதை மீண்டும் நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் சட்டமாக்கியது. அந்த ஆண்டு நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் சட்டத்தை ஏற்றது. ரம்மிக்கும் போக்கருக்கும் விதித்த தடையை மட்டும் நீக்கியது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசே பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை நாடு முழுவதும் தடை செய்யும் சட்டம் கொண்டுவந்தது. 28 சதவீத ஜி.எஸ்.டி. செலுத்திவந்த தொழில் அது. வரி வருகிறது என்ற காரணம் மட்டும் போதாது என்று ஓர் அரசு கருதியதற்கு இதைவிட அண்மைச் சான்று தேவையில்லை.

என் பணம், என் விருப்பம் என்ற தனிமனித உரிமை வாதமும் உண்டு. சூதாட்டம் அரசமைப்பு பாதுகாக்கும் வணிகமாகாது என்று உச்ச நீதிமன்றம் 1957-இலேயே சமர்பாக்வாலா வழக்கில் கூறிவிட்டது. சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், தோற்பவரின் பணம் பெரும்பாலும் அவருடையது மட்டும் இல்லை. அதில் மனைவியின் நகை இருக்கிறது, பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் இருக்கிறது, கந்துவட்டிக்காரரின் கடன் இருக்கிறது. அரசே டாஸ்மாக் மதுக்கடைகளை நடத்தும்போது கேசினோவுக்கு மட்டும் தயக்கம் ஏன் என்று கேட்பவர்களுக்கு என் பதில் சுருக்கமானது. மக்கள் நலத்துக்குக் கேடான ஒன்றின் வருமானத்தில் அரசு சாய்ந்துவிட்டால் அதிலிருந்து மீள்வது எவ்வளவு கடினம் என்பதற்கு டாஸ்மாக்கே எடுத்துக்காட்டு. ஒரு பழக்கத்திலிருந்து மீள வழி தேடும்போது இன்னொன்றைத் தொடங்கலாகாது.

வேலைவாய்ப்பு என்ற வாதத்தை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. படித்த பிள்ளைகளுக்கு வேலை வேண்டும். அந்த வேலையை எந்தச் செலவு உருவாக்குகிறது என்பதே கேள்வி. மேசையில் தோற்ற 10,000 ரூபாய் செங்கல்பட்டு ஜவுளிக்கடையிலோ மதுராந்தகம் பாத்திரக்கடையிலோ செலவாகியிருந்தால் அங்கேயும் ஒரு வேலை நின்றிருக்கும், வாங்கியவர் கையிலும் ஒரு பொருள் இருந்திருக்கும். மாமல்லபுரத்தைப் பாருங்கள். 2021-22-இல் தொல்லியல் துறையின் கட்டணச் சின்னங்களில் வெளிநாட்டுப் பயணிகள் அதிகம் வந்த இடமாக, தாஜ்மகாலையும் தாண்டி, அது முதலில் நின்றது. 2022-இல் 44-ஆவது செஸ் ஒலிம்பியாட் அங்கே நடந்தபோது 180-க்கும் மேற்பட்ட நாட்டு அணிகள் வந்தன. விடுதிகள் நிரம்பின, ஊர் பெயர் பெற்றது, யாரும் எதையும் இழந்து திரும்பவில்லை. 1957-இல் தொடங்கிய சிற்பக் கல்லூரியும், புவிசார் குறியீடு பெற்ற கற்சிற்பத் தொழிலும் அங்கே இருக்கின்றன. ஒரு பயணி சிற்பம் வாங்கினால் அவர் வீட்டுக்கு ஒரு கலைப்பொருள் போகிறது, சிற்பியின் வீட்டுக்குக் கூலி வருகிறது.

இந்த வேடந்தாங்கலில் உங்கள் முன்னோர் செய்ததும் ஒரு பொருளாதார முடிவுதான். பறவைகளைச் சுடக்கூடாது என்று வெள்ளையரிடம் வாதாடி, 1790-களில் செங்கல்பட்டு ஆட்சியராயிருந்த லயோனல் பிளேசிடம் பாதுகாப்பு ஆணை பெற்றார்கள். பறவை எச்சம் கரைந்த ஏரித் தண்ணீர் பாயும் வயலுக்கு அது உரம் என்பதை அறிந்தே காத்தார்கள். தீபாவளிக்கு வெடியைத் தவிர்க்கும் வழக்கம் இன்றும் இங்கே உண்டு. 2022-இல் இந்த ஏரி உலக ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. கைக்கு எட்டிய ஆதாயத்தை வேண்டாமென்று ஒதுக்கிய ஊர், தலைமுறை தலைமுறையாக அதைவிடப் பெரிய ஆதாயத்தை அடைந்திருக்கிறது. அரசுகளுக்கும் அந்த நிதானம் வேண்டும்.

எனவே, எதிர்காலத்தில் எந்த அரசாவது கேசினோ அனுமதி என்று மசோதா கொண்டுவந்தால், மூன்று கணக்குகளைச் சட்டமன்றத்தில் வைக்கும்படி நாம் கேட்க வேண்டும். ஆடப்போகிறவர்களில் வெளிநாட்டவர் எத்தனை பங்கு? லாபத்தில் இந்த மண்ணில் தங்குவது எவ்வளவு? கடனிலும் மருத்துவத்திலும் காவலிலும் நீதிமன்றத்திலும் குடும்பங்களும் அரசும் செலவழிக்கப்போவது எவ்வளவு? மூன்றுக்கும் விடை தந்து, அதன் பிறகும் மிச்சம் வரும் என்று காட்ட முடிந்தால் பேசலாம். இந்தியாவின் நிலையில் அப்படிக் காட்ட முடியாது என்பதே என் முடிவு. வாங்குபவரும் விற்பவரும் இருவருமே பயனடையும் தொழில்களில்தான் நாடு வளரும். அப்படிப்பட்ட தொழில்களுக்கு இந்தக் கடற்கரையில் இடமும் திறமையும் நிறைய உண்டு. அரசின் முதலீடும் நம் இளைஞர்களின் உழைப்பும் அங்கே போகட்டும்.